எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை: வேலை எந்த இடத்தில் நிற்கிறது?

கேள்வி இதுதான்: பல வருடங்களாக எழுதியோ வரைந்தோ இசையமைத்தோ வந்த ஒருவருக்கு ஒரு கட்டத்தில் எதுவுமே வராமல் போவது ஏன்? திறமை தீர்ந்துவிட்டதா, சோம்பலா, மனநலப் பிரச்சினையா? தெரபிக்குப் போனால் இருக்கிற கொஞ்சமும் போய்விடுமா?

தெரபிஸ்டின் இடத்திலிருந்து பதில் சொல்கிறேன். திறமை தீர்ந்துபோயிருக்கும் என்பது நான் கடைசியாக யோசிக்கும் காரணம். முதலில் கேட்பது, வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்று. மேஜை முன்னால் உட்காரவே முடியவில்லையா? உட்கார்ந்தும் முதல் வரி வரவில்லையா? வந்த வரியை அழித்துக்கொண்டே இருக்கிறீர்களா? பாதியில் கைவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறீர்களா? முடித்ததை யாரிடமும் காட்ட முடியவில்லையா? வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஐந்தும் ஒன்றுபோலத்தான் தெரியும், கையில் படைப்பு எதுவும் இல்லை. உள்ளே நடப்பவை ஐந்தும் வெவ்வேறு. ஒன்றுக்குக் கேட்கும் வைத்தியம் இன்னொன்றுக்கு உபத்திரவமாக முடியும். "தினமும் உட்கார், தானாக வரும்" என்ற அறிவுரை முதல் வகைக்கு நன்றாக வேலை செய்யும். அழித்துக்கொண்டே இருப்பவரைத் தினமும் உட்கார வைத்தால், அவர் தினமும் அழிப்பதில் தேர்ச்சி பெறுவார்.

படைப்பு வேலையை நான்கு கட்டமாகப் பிரித்துச் சொன்னவர் ஆங்கிலேயச் சமூக உளவியலாளர் கிரஹாம் வாலஸ், 1926-இல். தயாரிப்பு, ஊறவிடுதல், பொறி தட்டுதல், சரிபார்ப்பு. அவருக்கு அடிப்படையாக இருந்தது இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1891-இல் தன் எழுபதாவது பிறந்தநாள் விழாவில் பேசியது. நல்ல யோசனைகள் களைத்த மூளைக்கு வந்ததில்லை, மேஜையில் வந்ததில்லை, வெயில் நாளில் மரங்கள் அடர்ந்த குன்றில் மெல்ல ஏறும்போது வந்தன என்றார். துளி மது போதும், அவை மிரண்டு ஓடிவிடும் என்றும் சொன்னார். (மது ஊற்றினால்தான் கலை ஊறும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுவார்கள்.) ஆனால் அதற்கு முன்பே அவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: பிரச்சினையை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி, எல்லாச் சிக்கலும் மனதில் பதியும்வரை உழைத்திருக்க வேண்டும். குன்றேறுவது அதற்குப் பிறகு. தயாரிப்பு இல்லாமல் வெறுமனே காத்திருப்பதை ஊறவிடுதல் என்று சொல்ல முடியாது. ஊறுவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

இதை ஆய்வுகளும் ஆமோதிக்கின்றன. 2009-இல் சியோ, ஆர்மரோட் இருவரும் 117 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இடைவெளி விடுவது உதவுகிறது, பல விடைகள் சாத்தியமான வேலைகளில் கூடுதலாக உதவுகிறது, இடைவெளிக்கு முன் எவ்வளவு நேரம் முட்டிமோதினோமோ அதற்கேற்பப் பலனும் கூடுகிறது. ஆகவே நடைமுறையில், 30 முதல் 40 நிமிடம் பிரச்சினையோடு நேராக மல்லுக்கட்டுங்கள். பிறகு கைக்கு வேலையும் மனதுக்கு ஓய்வும் தரும் ஏதாவது ஒன்றை 15, 20 நிமிடம் செய்யுங்கள்: பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, நடப்பது. போனைத் தள்ளிக்கொண்டிருப்பது இந்தக் கணக்கில் வராது. அது மனதுக்குள் புதுச் சரக்கைக் கொட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே இருப்பது ஊற இடம் கிடைக்காது.

நடப்பதைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு. ஸ்டான்ஃபோர்டில் ஒப்பெஸ்ஸோ, ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நடக்கும்போது மனிதர்கள் சொன்ன புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. ஒரே ஒரு சரியான விடையைத் தேடும் சோதனையிலோ நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். அடுத்து என்ன என்று தெரியாதபோது நடங்கள். எந்தச் சொல்லைப் போடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டியபோது உட்காருங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தேக்கம் என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு யோசனைப் பஞ்சம் கிடையாது. உருவாக்குகிறவரும் மதிப்பிடுகிறவரும் ஒரே நேரத்தில் ஒரே நாற்காலியில் உட்காரப் பார்க்கிறார்கள், அதுதான் சிக்கல். உருவாக்கும்போது சிந்தனை விரிய வேண்டும், மதிப்பிடும்போது குவிய வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜே. பி. கில்ஃபோர்ட் 1950-களில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். 2008-இல் லிம்ப், பிரான் இருவரும் 6 ஜாஸ் பியானோ கலைஞர்களை மூளை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடமான இசையை வாசித்தபோது இருந்ததைவிட, அந்த நொடியில் கற்பனை செய்து வாசித்தபோது, தன்னைத்தானே கண்காணிப்பதோடு தொடர்புடைய முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதிகளில் செயல்பாடு குறைந்தது, நடுப்பகுதியில் கூடியது. ஆறு பேரை வைத்துக்கொண்டு பெரிய முடிவுக்குப் போகக் கூடாது. புதியன சிந்திப்பதில் கைதேர்ந்தவர்களிடம் மூளையின் கற்பனை சார்ந்த வலைப்பின்னலும் கட்டுப்பாடு சார்ந்த வலைப்பின்னலும் சேர்ந்தே இயங்குகின்றன என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே உள்ளே இருக்கும் விமர்சகரை ஒழித்துக்கட்ட வேண்டியதில்லை. அவர் இல்லாவிட்டால் குப்பைதான் மிஞ்சும். வரவேண்டிய நேரத்துக்கு முன்பே அவர் வந்துவிடுகிறார் என்பதுதான் பிரச்சினை.

அவர் முன்னதாக வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஒருவர் "அப்பா அன்று பேசவில்லை" என்று தட்டுகிறார். இரண்டு வினாடி பார்க்கிறார். "பேசவில்லை" தட்டையாக இருக்கிறது, அழிக்கிறார். "மௌனமாக இருந்தார்." தேய்ந்த சொல், அழிக்கிறார். "அப்பாவின் மௌனம்" என்று தொடங்கி அங்கேயே நிறுத்துகிறார். இப்போது அவர் கவனம் அப்பாவிடம் இல்லை. இதைப் படிக்கப்போகும் யாரோ ஒருவரின் முகச்சுளிப்பில் இருக்கிறது. தோள்கள் உயர்கின்றன, மூச்சு நெஞ்சோடு நிற்கிறது, கை போனுக்குப் போகிறது. போனை எடுத்த நொடியில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் பொல்லாதது. எழுதுவதை விட்டால் ஆறுதல் கிடைக்கும் என்று உடம்பு பாடம் படித்துக்கொள்கிறது. இப்படி இருபது நாள் போனால் நாற்காலியைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். இதற்குச் சோம்பல் என்று பெயர் வைப்பது அநியாயம். தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததால் வருவதைவிட, அந்த நேரத்து மனநிலையைச் சரிசெய்துகொள்ளும் முயற்சியாகவே வருகிறது என்று சிரோவா, பிச்சில் இருவரும் 2013-இல் எழுதினார்கள். தெரபி அறையில் தெரிவதும் அதுதான்.

இந்த வகைத் தேக்கத்துக்கு நான் தரும் பயிற்சி இது. காகிதமும் பேனாவும் எடுங்கள். பென்சில் வேண்டாம், அதோடு ரப்பரும் வந்துவிடும். கணினியில்தான் எழுதுவேன் என்றால் திரையின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத் தட்டுங்கள். பக்கத்தின் வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடு. டைமரில் 10 நிமிடம். தொடங்கும் முன் மனதில் பயம் எவ்வளவு என்று 0 முதல் 10-க்குள் ஓர் எண் எழுதுங்கள். பிறகு அடிக்காமல், திருத்தாமல், மேலே ஏறிப் படிக்காமல் எழுதுங்கள். "இதெல்லாம் யாருக்கு வேண்டும்?" என்று உள்ளே குரல் வந்தால் அதை வந்த சொற்களிலேயே வலது ஓரத்தில் எழுதிவிட்டுத் தொடருங்கள். எழுத எதுவும் இல்லையென்றால் கடைசிச் சொல்லையே திரும்ப எழுதுங்கள், இரண்டு மூன்று முறைக்குள் அலுப்புத் தட்டி வேறொன்று வரும். டைமர் அடித்ததும், வாக்கியம் பாதியில் நின்றாலும் நிறுத்துங்கள். பயத்தின் எண்ணை மறுபடி எழுதி நோட்டை மூடுங்கள். 24 மணி நேரத்துக்குத் திறக்கக் கூடாது. திருத்துவது வேறு நேரத்தில், முடிந்தால் வேறு இடத்தில், வேறு நிறப் பேனாவில்.

முதல் வாரம் 10 நிமிடம், இரண்டாம் வாரம் 15. முன்னால் எழுதும் எண் 4-க்குக் கீழே இறங்கும்வரை 25 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். முன்னால் எழுதிய எண் 7 என்றால் பின்னால் எழுதுவது 4 என்பதுபோல இருக்கும். பயம் வேலையில் இருப்பதைவிட வேலைக்கு முந்திய நிமிடங்களில்தான் அதிகம் என்பது நோட்டிலேயே பதிவாகிவிடும். வாயால் ஆயிரம் சமாதானம் சொன்னாலும் இந்த ஒரு எண்ணுக்கு ஈடாகாது.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. ஐந்தாவது ஆறாவது நாள் எழுத்து பொங்கி வரும். "இன்று விட்டால் போய்விடும்" என்று மூன்று மணி நேரம் எழுதிவிடுவார்கள். மறுநாள் அந்த மூன்று மணி நேரமே அளவுகோலாகிவிடும், 10 நிமிடம் கேவலமாகத் தெரியும், உட்காரமாட்டார்கள். அதனால்தான் நன்றாக வரும் நாளிலும் நிறுத்தச் சொல்கிறேன். எழுதிய உடனே யாருக்காவது அனுப்பிவிடுவது இன்னொரு கோளாறு. கதவுக்கு வெளியே நிறுத்திய விமர்சகரை ஜன்னல் வழியாக உள்ளே விடுவதுதான் அது. மூன்றாவது, பக்கம் வெறுமையாக இருக்க ஓரம் மட்டும் நிரம்பி வழிவது. அப்படியானால் பயிற்சியை நிறுத்திவிட்டு ஓரத்தில் இருப்பதைப் பற்றி ஒருவரிடம் பேச வேண்டும்.

நன்றாகப் போகும்போதும் அந்த ஓரக் குறிப்புகளை வீணாக்காதீர்கள். பத்து நாள் கழித்து அவற்றை மட்டும் வரிசையாகப் படித்தால் நூறு வாக்கியங்கள் இருக்காது. மூன்று நான்கு வாக்கியங்களே வேடம் மாற்றித் திரும்ப வந்திருக்கும். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, இந்தத் தொனியில் பேசுகிறவர் யார், அப்போது உங்களுக்கு என்ன வயது என்று கேட்டுப் பாருங்கள். ஹூயிட், ஃப்ளெட் இருவரும் 1991-இல் முழுமைவாதத்தை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: நம்மிடம் நாமே குறையில்லாததை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. கையைக் கட்டிப்போடுவதில் மூன்றாவதுதான் மோசம். அந்தக் குரலோடு வாதாடி ஜெயிக்க முடியாது, அதனிடம் எப்போதும் இன்னொரு ஆதாரம் இருக்கும். அதற்கு நேரம் ஒதுக்கிக் கொடுப்பது பலிக்கிறது: "சனிக்கிழமை காலை 10 மணிக்குத் திருத்தும் வேலை இருக்கிறது, அப்போது வா." சனிக்கிழமை உண்மையிலேயே உட்கார்ந்து திருத்தவும் வேண்டும். ஏமாற்றினால் அடுத்த வாரம் அது காத்திருக்காது.

இனி, உட்காரவே முடியாதவர்கள். "மூடு வந்தால்தான் எழுதுவேன்" என்பவர்களுக்கு ராபர்ட் பாய்ஸின் 1983 ஆய்வு நல்ல பதில். எழுத்து ஓடாத 27 கல்வியாளர்களை மூன்று குழுவாக்கிப் பத்து வாரம் கவனித்தார். அவசரமானதைத் தவிர எதையும் எழுதாதீர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் நாளுக்குச் சராசரியாக 0.2 பக்கம் எழுதினார்கள். தோன்றும்போது எழுதியவர்கள் 0.9 பக்கம். எழுதியே ஆகவேண்டும் என்ற கடுமையான நிபந்தனையில் இருந்தவர்கள் 3.2 பக்கம். பக்கக் கணக்கு யாருக்கும் வியப்பளிக்காது. புதிய யோசனைகளும் அதே வரிசையில் வந்தன என்பதுதான் செய்தி: எழுதாதவர்களுக்கு ஐந்து நாளைக்கு ஒன்று, தோன்றும்போது எழுதியவர்களுக்கு இரண்டு நாளைக்கு ஒன்று, நிபந்தனைக் குழுவுக்கு நாளுக்கு ஒன்று. ஆய்வு சிறியதுதான். ஆனாலும் யோசனை வந்தபின் எழுதலாம் என்று இருப்பவர்கள் வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டுகிறார்கள் என்பது தெரிகிறது.

முதல் வரி வராதவர்களுக்கு ஒரு தகவல். ஒரே கேள்விக்குத் தொடர்ந்து பதில்களை அடுக்கச் சொன்னால், முதலில் வருபவை எல்லோரும் சொல்லக்கூடியவையாகவும், பின்னால் வருபவை அபூர்வமாகவும் இருக்கும். இது 1957-லேயே கில்ஃபோர்டின் குழு கண்டது. 2020-இல் லூக்கஸ், நோர்ட்கிரென் இருவரும் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: நேரம் போகப்போகத் தங்கள் யோசனைகளின் புதுமை வற்றும் என்று மனிதர்கள் எதிர்பார்க்கிறார்கள், ஆனால் அது குறைவதில்லை, சிலருக்குக் கூடுகிறது. ஆகவே தொடக்க வரியாக 20 வாக்கியங்கள் எழுதுங்கள். 7, 8-இல் "அவ்வளவுதான், தீர்ந்தது" என்று தோன்றும். தீர்ந்தது பொதுச் சரக்கு. 12-க்குப் பிறகு கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் கூச்சமாக ஏதாவது வரும். எழுதும்போது முகம் சூடேறினால் அந்த எண்ணைச் சுற்றி வட்டமிட்டு வையுங்கள்.

பாதியில் கைவிடுபவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொடங்காத வேலை எப்போதும் குறையில்லாமல் இருக்கும், நடுவில் நிற்கும் வேலை எப்போதும் அசிங்கமாக இருக்கும். முடிவை மோசமாகவேனும் இரண்டு பத்தியில் எழுதி வைத்துவிட்டு நடுவுக்குத் திரும்புங்கள். புதிய யோசனை கூப்பிட்டால் ஒரு தாளில் மூன்று வரி குறித்து உறையில் போட்டுவிடுங்கள்.

காட்ட முடியாதவர்கள் விஷயம் நுட்பமானது. குழந்தை நல மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டி. டபிள்யூ. வின்னிகாட் குழந்தைகளோடு ஒரு விளையாட்டு ஆடுவார். அவர் ஏதோ ஒரு கிறுக்கலைப் போடுவார், குழந்தை அதை எதுவாகவாவது மாற்றும். அடுத்து குழந்தை கிறுக்கும், அவர் மாற்றுவார். மதிப்பெண் கிடையாது, பாராட்டுகூடக் கிடையாது. எதிரே இருப்பவர் தாமும் கிறுக்குவதால் குழந்தையின் கை தளர்கிறது. பெரியவர்களுக்கும் முதல் வாசகர் அப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்: ஒரே ஒருவர், முடிந்தால் தாமும் ஏதாவது செய்கிறவர். முடித்து ஒரு வாரம் கழித்துக் கொடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், அதற்கு உண்மையான பதில் கிடைக்காது. எந்த இடத்தில் கவனம் நழுவியது, படித்தபின் கண்ணில் என்ன நின்றது என்ற இரண்டை மட்டும் கேளுங்கள்.

சமூக ஊடகத்தில் விழும் விருப்பக்குறிகளை (லைக்) எண்ணுவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உளவியலாளர் தெரசா அமபைல் 1985-இல் 72 எழுத்தாளர்களைக் கவிதை எழுதச் சொன்னார். நடுவில் ஒரு குழுவுக்கு, பணம், புகழ் போன்ற வெளிக் காரணங்களுக்காக எழுதுவது பற்றிய பட்டியலை வரிசைப்படுத்தும் வேலை கொடுத்தார். சில நிமிட வேலைதான், ஆனாலும் அதற்குப் பிறகு அவர்கள் எழுதிய கவிதை படைப்புத்தன்மையில் கீழே இறங்கியது. எழுதும் முன் போனில் எண்ணிக்கை பார்ப்பது கிட்டத்தட்ட அந்தப் பட்டியலைத் தினமும் நிரப்புவது.

காயத்தை எழுத விரும்புபவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மனதை உலுக்கிய நிகழ்வைப் பற்றித் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதியவர்களுக்கு எழுதி முடித்த உடனே மனநிலை மோசமானது. பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. அந்த உடனடிச் சரிவை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். தூங்கும் முன் எழுதாதீர்கள். சம்பவம் நடந்து சில வாரம்தான் ஆகிறது என்றாலோ, எழுதும்போது அது மறுபடி கண்முன் நடப்பதுபோல் ஆகிறது என்றாலோ நிறுத்துங்கள். அது தனியாகச் செய்கிற வேலையல்ல. இந்த எழுத்துக்கு வாசகர் கிடையாது என்பதும் முக்கியம். இதிலிருந்து கதை பிறக்கலாம், அது வேறொரு நாளில்.

கடைசியாக, தெரபியும் மருந்தும் கலையைக் கொன்றுவிடுமா என்ற பயம். பைத்தியமும் மேதைமையும் இரட்டைப் பிள்ளைகள் என்ற கதைக்கு ஸ்வீடனின் பதிவேட்டுத் தரவு ஓரளவே இடம் தருகிறது. சிமோன் க்யாகாவின் குழு 2013-இல், ஏறத்தாழ 12 லட்சம் நோயாளிகளையும் அவர்களின் உறவினர்களையும் வைத்துப் பார்த்தது. படைப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு மொத்தமாக மனநோய் அதிகம் இல்லை, மனநிலை அளவு மீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறு மட்டும் அதிகம். எழுத்தாளர்கள் மட்டும் விதிவிலக்கு: அவர்களிடம் பல கோளாறுகளும் தற்கொலையும் கூடுதலாக இருந்தன. மருந்தைப் பொறுத்தவரை, டென்மார்க் மனநல மருத்துவர் மோகென்ஸ் ஷௌ 1979-இல், இருமுனைக் கோளாறுக்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தை எடுத்துக்கொண்ட 24 கலைஞர்களை விசாரித்தார். 12 பேருக்குப் படைப்பு வேலை கூடியது, 6 பேருக்கு மாற்றமில்லை, 6 பேருக்குக் குறைந்தது. குறைந்த அந்த 6 பேரையும் மறைக்க வேண்டியதில்லை. மனச்சோர்வு மருந்துகளிலும் சிலருக்கு உணர்ச்சி மழுங்கியதுபோல் இருக்கும். அதை மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி உண்டு. நீங்களாகச் சட்டென்று நிறுத்துவதுதான் ஆபத்து.

எப்போது இதைத் தேக்கம் என்று எண்ணி உட்கார்ந்திருக்கக் கூடாது? எழுத்து மட்டுமல்லாமல் பிடித்த எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் சுவையற்றுப் போய், தூக்கமும் பசியும் மாறி, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் நாள் முழுக்க ஓடினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். டைமரும் நோட்டும் அதற்கு மருந்தல்ல. சாக எண்ணம் வந்தால் அன்றைக்கே உதவி தேட வேண்டும். எதிர்த் திசையிலும் ஓர் அடையாளம் உண்டு: பல நாளாக மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லை, யோசனைகள் ஒன்றையொன்று முந்துகின்றன, பேச்சு நிற்கவில்லை, பணம் தாறுமாறாகச் செலவாகிறது. உள்ளே இருப்பவருக்கு இது வாழ்நாளின் மிகச் சிறந்த உந்துதலாகத் தெரியும், அதனால் மருத்துவரிடம் போக மனமே வராது. கூட இருப்பவர்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். போகும்போது கடந்த இரண்டு வாரத்தில் தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினார், எவ்வளவு எழுதினார், மனநிலை 0 முதல் 10-க்குள் எங்கே இருந்தது, மருந்தின் அளவு எப்போது மாறியது என்பதை ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.